பிரெஞ்சுக் கல்லூரிக்குப் போனால் வேலை கிடைக்குமா? கனடாவிலிருந்தும் வெளியிலிருந்தும் வந்த கேள்விகள்

ஒன்ராரியோவில், பிரெஞ்சு மொழியில் பாடம் நடத்தும் ஒரு கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில் ஆலோசகராக இருக்கிறேன். எனக்கு வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, ஒன்ராரியோவில் எங்கே போனாலும் ஆங்கிலம்தானே. இங்கே பிரெஞ்சுக் கல்லூரி எதற்கு? (ஸ்காபரோ)

தம்பி, இந்த மாகாணத்தில் பிரெஞ்சு பேசுபவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். பிரெஞ்சு மொழிப் பள்ளிகளுக்கென்றே 12 கல்விச் சபைகள் இருக்கின்றன. 1986இல் வந்த சட்டப்படி, குறிப்பிட்ட பகுதிகளில் மாகாண அரசின் சேவையைப் பிரெஞ்சில் கேட்டுப் பெற மக்களுக்கு உரிமை உண்டு. பள்ளி, பிள்ளைப் பராமரிப்பு நிலையம், மருத்துவமனை, முதியோர் இல்லம் என்று எல்லா இடத்துக்கும் பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் வேண்டும். உள்ளூரில் அத்தனை பேர் இல்லை. அந்த இடைவெளியில்தான் புதிதாக வந்தவர்களுக்கு வழி திறக்கிறது.

மாகாணத்தின் 24 அரசுக் கல்லூரிகளில் இரண்டு பிரெஞ்சுக் கல்லூரிகள். ஒன்று 1990இல் ஒட்டாவாவில் தொடங்கிய லா சித்தே. மற்றது 1995இல் சட்பரியில் தொடங்கிய கொலேஜ் போரேயல். போரேயலுக்கு ரொறன்ரோவிலும் வளாகம் உண்டு, டிஸ்டிலரி டிஸ்ட்ரிக்ட் பகுதியில். மொழி வகுப்பு, தொழிற்படிப்பு, வேலை தேட உதவி எல்லாம் ஒரே நிறுவனத்தில் கிடைப்பது புதிதாக வந்தவருக்குப் பெரிய ஆறுதல். வகுப்புகளும் சிறியவை. நீங்கள் ஒரு வாரம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கும்.

பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்து வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. உங்கள் வேலைவாய்ப்புப் பிரிவுக்கு முதல் நாள் போனால் என்ன செய்வார்கள்? பணம் கட்ட வேண்டுமா? (மிசிசாகா)

வேலை தேட உதவுவதற்குக் கட்டணம் இல்லை. மத்திய அரசின் பண உதவியில் நடக்கும் மொழி வகுப்பும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கு இலவசம். பி.ஆர். அட்டை, ஊரில் படித்த சான்றிதழ்கள், பழைய ரெசுமே இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.

பெரும்பாலும் எங்கள் வேலை அந்த ரெசுமேயில்தான் தொடங்கும். நம்மவர்கள் கொண்டுவருவதில் புகைப்படம், பிறந்த தேதி, மதம், தகப்பன் பெயர், திருமணமானவரா என்பது வரை இருக்கும். இங்கே அவை எதுவும் கூடாது, எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். ‘கணக்கு வேலை பார்த்தேன்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். உட்கார்ந்து பேசினால், மாதம் எத்தனை பேருக்குச் சம்பளம் போட்டார், எந்த மென்பொருளில் வேலை செய்தார், வங்கிக்கு யார் போனது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அதைத்தான் எழுத வேண்டும். அப்புறம் நேர்முகத் தேர்வு ஒத்திகை. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் தலை குனிந்து இரண்டு வாக்கியத்தில் நிறுத்திவிடுவது நம்மிடம் அதிகம். அடக்கம் நல்ல குணம்தான், ஆனால் எதிரே இருப்பவருக்கு உங்கள் திறமை தெரியாமலே போய்விடுகிறது. பேச்சு சரளமாக வரும்வரை திரும்பத் திரும்பப் பேச வைப்போம், தயங்காமல் வாருங்கள்.

நான் பல வருடமாகக் கனேடியக் குடியுரிமை உள்ளவன். எனக்கும் உண்டா? (அஜாக்ஸ்)

வேலைவாய்ப்புச் சேவை உண்டு. மத்திய அரசின் இலவச மொழி வகுப்பு குடியுரிமை பெற்றவர்களுக்குக் கிடையாது.

எந்தப் படிப்பு எடுத்தால் நல்லது? (பிராம்ப்டன்)

பிரெஞ்சு ஓரளவு வரும், பிள்ளைகளோடு பழகப் பிடிக்கும் என்றால், குழந்தைப் பருவக் கல்வி டிப்ளோமாவைத்தான் முதலில் சொல்வேன். இரண்டு வருடம். பிரெஞ்சுப் பள்ளிகளோடு சேர்ந்தே பராமரிப்பு நிலையங்கள் நடக்கின்றன. அங்கே பிரெஞ்சில் பேசிப் பாடும் ஆசிரியை கிடைப்பது கஷ்டம். முதியோரைப் பராமரிக்கும் உதவியாளர் படிப்பு ஏறக்குறைய ஒரு வருடத்தில் முடியும். வேலை சீக்கிரம் கிடைக்கும், உடல் உழைப்பு அதிகம். முதுகுவலி உள்ளவர்கள் யோசித்துச் சேருங்கள்.

இரண்டிலும் நேரடிப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அதற்குத் தடுப்பூசி விவரமும் பொலிஸ் சான்றிதழும் வேண்டும். தடுப்பூசி அட்டை ஊரில் அம்மாவின் அலமாரியில் இருக்கலாம், இப்போதே கேட்டு வாங்கிவையுங்கள். இது இல்லாமல் பயிற்சி தள்ளிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் பிரெஞ்சை மட்டும் வைத்துக்கொண்டு வேலை எடுப்பது கடினம். ஆங்கிலத்தையும் விடாமல் படியுங்கள். இரண்டும் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

மொன்றியலில் இருக்கிறேன். எங்களுக்கும் இப்படி உண்டா?

கியூபெக்கில் ஏற்பாடு வேறு. பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் வரும் ‘செஜெப்’ என்ற அரசுக் கல்லூரிகள் 1967இலிருந்து அங்கே இருக்கின்றன. பிரெஞ்சு வகுப்புக்கு 2023 ஜூனிலிருந்து ‘பிரான்சிசாசியோன் கெபெக்’ என்ற ஒரே வாசல் வழியாகத்தான் பதிய வேண்டும். 2024 இலையுதிர் காலத்தில் பணம் போதாமல் சில இடங்களில் வகுப்புகளை நிறுத்தினார்கள். அதனால் நேரத்தோடு பதிந்துவிடுங்கள். மொழி ஓரளவு வந்ததும் செஜெப்பில் ஏ.இ.சி. என்ற குறுகிய காலப் படிப்பைக் கேட்டுப் பாருங்கள். வேலைக்கென்றே அமைத்த படிப்பு அது. ஊரில் செய்த தொழிலின் அனுபவத்தை எடைபோட்டு அங்கீகரிக்கும் முறையும் செஜெப்களில் உண்டு.

பாரிஸ் லாச்சப்பலில் இருக்கிறோம். பிரெஞ்சுக் குடியுரிமை, பிள்ளைகள் இங்கேயே படித்தவர்கள். கனடாவுக்கு விண்ணப்பிக்கப் பிரெஞ்சுப் பரீட்சை எழுத வேண்டுமா?

ஆம். பிறந்ததிலிருந்து பிரெஞ்சு பேசினாலும் புள்ளி போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடிவரவு முறைக்கு தெஃப் கனடா (TEF), தெ.சே.எஃப். கனடா (TCF) என்ற இரண்டு பிரெஞ்சுப் பரீட்சைகளில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். பரீட்சை முடிவு இரண்டு வருடத்துக்குச் செல்லுபடியாகும். கனடாவின் மொழி அளவுகோலில், கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்ற நான்கு திறனிலும் பிரெஞ்சில் ஏழாம் நிலை, ஆங்கிலத்தில் ஐந்தாம் நிலை இருந்தால் 50 கூடுதல் புள்ளிகள். 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனித் தேர்வுச் சுற்றும் நடக்கிறது. உங்களுக்குப் பிரெஞ்சு இருக்கிறது, ஆங்கிலத்தில் நேரம் போடுங்கள்.

மேடம், புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். அலியான்ஸ் பிரான்சேஸ் மொழி நிலையத்தில் பிரெஞ்சு படிக்கிறேன். மாணவர் விசாவில் நேராக பிரெஞ்சுக் கல்லூரியில் சேரலாமா?

சேரலாம், ஆனால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் வரும். மேலே சொன்ன இலவச மொழி வகுப்பும் உங்களுக்குக் கிடைக்காது. பிரெஞ்சு பேசும் வெளிநாட்டு மாணவர்களுக்கென 2024இல் தொடங்கிய முன்னோட்டத் திட்டத்தின் நாடுகளில் இந்தியா இல்லை, வேறு மாதிரி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொன்று, படிப்பு முடிந்து வேலை அனுமதி பெற மொழிச் சான்று கேட்கிறார்கள். கல்லூரிப் படிப்புக்கு ஐந்தாம் நிலை போதும், பிரெஞ்சுப் பரீட்சையும் செல்லும். ஆனால் எல்லாக் கல்லூரிப் படிப்புக்கும் அந்த அனுமதி கிடையாது. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் படிப்பு தகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று அரசு இணையதளத்தில் நீங்களே பாருங்கள். ஏஜென்ட் பார்த்துச் சொன்னார் என்பது போதாது.

ஒட்டாவாவில் அரசு வேலைக்குப் பிரெஞ்சு கட்டாயமா? பி.ஆர். போதுமா?

எல்லா வேலைக்கும் கட்டாயம் இல்லை, ஆனால் இருமொழிப் பதவிகள் ஏராளம். அவற்றுக்கு ஏ, பி, சி என்று மொழித்திறன் நிலை வைத்திருப்பார்கள், அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். 2021இல் சட்டம் மாறியது. பொது விளம்பரத்தில் வரும் மத்திய அரசு வேலைகளில் குடியுரிமை உள்ளவருக்கு இருந்த முன்னுரிமை இப்போது பி.ஆர். உள்ளவருக்கும் உண்டு. விண்ணப்பம் போடுங்கள்.