டிரான்ஸ்ஃபார்மர் யார்டுக்கு வேலி: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஆலையின் 33/11 கிலோவோல்ட் யார்டில் செம்புக்கம்பி திருடு போகிறது. பழைய முள்வேலிக்குப் பதில் கம்பிவலை வேலி போடப் போகிறோம். எவ்வளவு உயரம் வேண்டும்? வேலிக்கும் எர்த் தேவையா?
– பராமரிப்புப் பொறியாளர், ஓசூர்

பதில்: மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகள்படி, திறந்தவெளி யார்டின் வேலி 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது, எர்த்தும் கட்டாயம். திருட்டு நடக்கும் இடம் என்பதால் 2.4 மீட்டர் வலை போட்டு, மேலே வெளிப்பக்கம் சாய்ந்த கையில் மூன்று வரிசை முள்கம்பி இழுங்கள். ஏறிக் குதிப்பதைவிட வலையின் அடியைத் தூக்கி நுழைவது சுலபம். அதனால் வலையின் அடியைக் கான்கிரீட் திட்டில் பதியுங்கள். மழைநீர் வடிகாலும் கேபிள் டிரெஞ்சும் வேலியைக் கடக்கும் இடங்களில் கம்பித்தடுப்பு வேண்டும். வேலியோரம் பழைய டிரம்களை அடுக்கினால் அதுவே ஏணி.

எர்த் விஷயத்தில்தான் உயிர் போகும் தவறுகள் நடக்கின்றன. யார்டில் ஃபால்ட் (மின்பழுது) வந்தால் எர்த் மேட்டின், அதாவது யார்டுக்கு அடியில் புதைத்த கடத்தி வலையின், மின்னழுத்தம் சட்டென்று உயரும். மேட்டோடு இணைந்த வேலியும் கூடவே உயரும். வெளியே மண்ணில் நின்று வேலியைப் பிடித்திருப்பவரின் கைக்கும் காலுக்கும் இடையே அந்த வித்தியாசம் முழுக்க வந்துவிடலாம். ஆகவே மேட்டோடு இணைப்பதானால், வேலிக்கு 1 மீட்டர் வெளியே சுற்றிலும் ஒரு எர்த் கடத்தியைப் புதைத்து, அதையும் வேலியோடு இணைத்து, மேலே 100 முதல் 150 மி.மீ. ஜல்லி பரப்புங்கள். கேட் வெளிப்பக்கம் திறந்தால், அது சுழலும் தூரத்தையும் தாண்டிக் கடத்தி போக வேண்டும். கேட்டின் கீலை நம்பாதீர்கள்; துருப்பிடித்தால் தொடர்பு விட்டுப்போகும். வளையும் செம்புப் பின்னலால் கதவைத் தூணோடு இணையுங்கள்.

வேலிக்குத் தனி எர்த் கொடுப்பது இன்னொரு வழி. அப்போது மேட்டோடு இணைந்த எதுவும் வேலிக்கு 2 மீட்டருக்குள் வரக் கூடாது. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டையும் தொட முடியாதபடி இருக்க வேண்டும். இதைக் கெடுப்பது பெரும்பாலும் பின்னால் வரும் கேமரா. வேலித்தூணில் கேமராவை மாட்டி, அதன் கேபிள் கவசத்தைக் கட்டுப்பாட்டு அறையில் எர்த் செய்தால் இரண்டு எர்த்தும் ஒன்றாகிவிடும். தனி எர்த் முறையில் வேலிக்கு வெளியே புதைத்த கடத்தியும் இருக்காது என்பதால், வேலியைத் தொடுபவருக்குப் பாதுகாப்பு இல்லை. கேமராவுக்குத் தனிக் கம்பம் நடுங்கள்.

கேள்வி: வேலியில் மின்சாரம் பாய்ச்சலாமா?
– பாதுகாப்பு மேற்பார்வையாளர், கோவை

பதில்: மெயின் லைனிலிருந்து ஒருபோதும் கூடாது. யாராவது இறந்தால், திருட வந்தவராகவே இருந்தாலும், பொறுப்பு உங்கள் தலையில்தான். வேலிக்கு விட்டுவிட்டு மின் துடிப்பு அனுப்பும் எனர்ஜைசர் கருவிக்கு ஐ.இ.சி. 60335-2-76 என்ற சர்வதேசத் தரம் உண்டு. துடிப்புக்கு 5 ஜூல்தான் உச்சம். அதன் எர்த் ராடு மற்ற எர்த் அமைப்புகளிலிருந்து போதிய தூரம் தள்ளியிருக்க வேண்டும். எர்த் மேட் பரவிய சிறிய யார்டில் அந்த இடைவெளி கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால் அந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

கேள்வி: எச்சரிக்கைப் பலகை எந்த மொழியில்?
– வாசகி, திருச்சி

பதில்: இந்தி அல்லது ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியும், அதாவது தமிழும், இருக்க வேண்டும். மண்டையோட்டுச் சின்னம் ஐ.எஸ். 2551 என்ற இந்தியத் தரப்படி. கேட்டில் மட்டும் மாட்டாமல் நான்கு பக்கமும் மாட்டுங்கள்.