மேனேஜர் போட்ட கணக்கு

கேள்வி: போர்ச்சுகல் நாட்டின் சோகப் பாட்டு வகையான ஃபாடோவைப் பாடிய அமாலியா ரோட்ரிகஸ் வெளிநாடுகளில் கொடிகட்டிப் பறந்தவர் என்று படித்தேன். நல்ல மேனேஜர் அமைந்ததுதான் காரணம் என்கிறார் என் நண்பர். வெளிநாடு போகாமல் இருந்திருந்தால் அவருக்கு இந்தப் பெயர் கிடைத்திருக்குமா? புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மேனேஜரா? என் வாயைக் கிளறுவதற்கென்றே இந்த வார்த்தையைப் போட்டிருக்கிறீர்கள்.

அமாலியாவின் மேனேஜர் செய்த முக்கியமான காரியம், அவரை இசைத்தட்டில் பாடவிடாமல் பார்த்துக்கொண்டது. லிஸ்பனில் ஏழைக் குடும்பம், பாட்டி வளர்ப்பு. துறைமுகப் பக்கம் பழம் விற்று, தையல் வேலை பார்த்து, 1939-இல் ஒரு ஃபாடோ விடுதியில் தொழில்முறைப் பாடகியாக மேடையேறுகிறார். கொஞ்ச காலத்திலேயே ஊர் முழுக்க அவர் பேச்சுதான். ஆனால் ரெக்கார்டு மட்டும் கிடையாது. தட்டு வீட்டுக்கே வந்துவிட்டால் டிக்கெட் வாங்கிக்கொண்டு எவன் வருவான் என்பது மேனேஜரின் கணக்கு.

இந்தக் கணக்கை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இதழின் விற்பனைப் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். இதழை இணையத்தில் போட்டால் கடையில் யாரும் வாங்கமாட்டார்கள் என்று வருடக்கணக்கில் குறுக்கே படுத்துக்கொண்டார். அவர் சொன்னதில் பாதி பலித்தது. இணையத்தில் போடாமலேயே கடையில் யாரும் வாங்கவில்லை. அடுத்து அவர் கண்ணில் பட்டது என் கேள்வி-பதில் பக்கம். கடையில் நின்றபடியே ஓசியில் படித்துவிட்டுப் போகிறார்களாம். பக்கத்தை மடித்து ஸ்டேப்ளர் பின் அடிக்க உத்தரவு போட்டார். ஓசியில் படிப்பவர்தான் மெனக்கெட்டுக் கேள்வி எழுதிப் போடுபவர் என்பது அவருக்குத் தெரியாது. அந்த மாதம் தபாலில் ஒரு கேள்விகூட வரவில்லை. நானே கேள்வி எழுதி, நானே பதிலும் சொல்லி, நடுவில் என்னையே கொஞ்சம் திட்டியும் வைத்தேன், நம்பகத்தன்மைக்காக. அந்த இதழுக்கு வந்த கேள்விகளிலேயே உருப்படியானவை அவைதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

சரி, அமாலியா. 1943-இல் மாட்ரிட், அடுத்த வருடம் ரியோ டி ஜெனீரோவின் கோபகபானா காசினோ. 1945-இல் அந்த ரியோவில்தான் முதல் ரெக்கார்டிங். லிஸ்பன் பெண்ணின் குரல் தட்டில் ஏறப் பிரேசில் தேவைப்பட்டது. மேனேஜரின் புண்ணியத்தில் நடந்தது இதுதான் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். வெளிநாடு போகாமல் இருந்தால் பெயர் வந்திருக்குமா என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். லிஸ்பனில் பெயர் ஏற்கெனவே வந்தாயிற்று, அதனால்தான் மற்றவர்கள் கூப்பிட்டார்கள்.

எனக்கு இதைவிட ருசியான விஷயம், கூடவே போன பாட்டுகளின் கதி. 1950-இல், போரில் நொந்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கா பண உதவி செய்த மார்ஷல் திட்டத்தையொட்டி ஐரோப்பிய நகரங்களில் கச்சேரிகள் நடந்தன. டப்ளினில் அமாலியா ‘கோயிம்ப்ரா’ என்ற பாட்டைப் பாடினார். பல்கலைக்கழக ஊரான கோயிம்ப்ராவைப் பற்றியது. அங்கே கேட்ட பிரெஞ்சுப் பாடகி இவெட் ஜிரோ அதைத் தன் மொழிக்குக் கொண்டுபோனார். அதற்குள் ஊர் காணாமல் போய், போர்ச்சுகலில் ஏப்ரல் மாதம் என்ற தலைப்பு வந்துவிட்டது. அப்புறம் அமெரிக்கா வரைக்கும் அந்தப் பெயரில்தான் ஓடியது. போன இடத்தில் ஒரு கல்லூரி ஊரைச் சுற்றுலா விளம்பரமாக்கிவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. பிரேசிலில் ‘மாய் ப்ரேதா’ என்று ஒரு பாட்டு. எசமான் வீட்டுப் பிள்ளையைத் தாலாட்டி வளர்க்கும் கறுப்பின அடிமைத்தாய், அவள் சொந்தப் பிள்ளையோ அடிபடுகிறது. போர்ச்சுகல் சர்வாதிகாரி சலாசாரின் தணிக்கை இதை விடுமா? கவிஞர் டேவிட் மோராவ் ஃபெரைரா மெட்டை வைத்துக்கொண்டு சொற்களை மாற்றினார். கடலுக்குப் போன காதலன், கறுப்புப் படகு, கரையில் நிற்கும் பெண். 1955-இல் ஒரு பிரெஞ்சுப் படத்தில் அமாலியா அதைப் பாட, பாரிஸ் சொக்கிப்போனது. அடுத்த வருடமே ஒலிம்பியா அரங்கு. பாரிஸ்காரர்களுக்குப் பழைய சொல்லும் தெரியாது, புதிய சொல்லும் புரியாது. மொழி புரியாதவன்தான் இசையைச் சுத்தமாக ரசிக்கிறான் என்று மேடைக்கு மேடை பேசும் ஒரு விமர்சகரோடு எனக்கு ரொம்ப நாள் வழக்கு உண்டு. அவருக்காக இந்தப் பாட்டை எடுத்து வைத்திருக்கிறேன். சுத்தமாக ரசித்தவர்கள் எதைத் தவறவிட்டார்கள் பாருங்கள்.

உள்ளூரில் சொல்தான் வம்பு. ஊல்மான் என்று ஓர் இசையமைப்பாளர், போர்ச்சுகலில் பிறந்த பிரெஞ்சு யூதர். அவர் பெரிய கவிஞர்களின் கவிதைகளை எடுத்து அமாலியாவுக்கு மெட்டுப் போட்டார். பின்பாட்டுக் கித்தார்க்காரர்களே அதை ‘ஓபரா’ (மேல்நாட்டு இசை நாடகம்) என்று கிண்டலடித்தார்களாம். 1965-இல் கமோயிஷ் கவிதைகளைப் பாடியபோது, மகாகவியை ஃபாடோக்காரி பாடுவதா என்று எழுத்தாளர்கள் பத்திரிகையில் சண்டைக்கு வந்தார்கள். எழுத்தாளர்களுக்குத் தங்கள் கவிதையை நாலு பேர் முணுமுணுப்பதைவிட, யாரும் தொடாமல் அலமாரியில் இருப்பது பிடிக்கும் போலிருக்கிறது. என் இதழுக்குக் கவிதை அனுப்புகிறவர்கள் கோபிக்கவேண்டாம், உங்களைத்தான் சொல்கிறேன்.

அடுத்த வருடம் ஊல்மானை ரகசியப் போலீஸ் பிடித்து, கடைசியில் நாட்டைவிட்டே அனுப்பியது. அமாலியா அவரைக் கைவிடவில்லை, தொடர்ந்து அவர் மெட்டுகளைப் பாடினார். பெனிஷ் கோட்டைச் சிறையில் அரசியல் கைதிகளை அடைத்துவைத்த காலத்தில், சுதந்திரமாக நினைத்ததற்காகத் தூரத்தில் அடைக்கப்பட்டவனைப் பற்றிய பாட்டையும் 1962-லேயே பாடியிருந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் 1974 புரட்சியில் சர்வாதிகாரம் விழுந்ததும் அவர் பழைய ஆட்சியின் பாடகி என்று முத்திரை குத்தப்பட்டார். ஃபாடோ, ஃபாத்திமா மாதா பக்தி, ஃபுட்பால் மூன்றையும் காட்டி ஜனங்களைத் தூங்கவைத்தார்கள் என்பது அப்போதைய கோஷம். குற்றச்சாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். அரசு அவரை வெளியுலகுக்குத் தன் முகமாகக் காட்டியது, அவரும் காட்டிக்கொண்டார். ஆனால் தலைமறைவாக இருந்த கம்யூனிஸ்ட் கட்சிக்கு அவர் ரகசியமாகப் பணம் கொடுத்துவந்தார் என்ற விஷயம், 1999-இல் அவர் இறந்தபோதுதான் ஊருக்குப் பரவலாகத் தெரிந்தது. சொன்னவர் கம்யூனிஸ்ட் நாவலாசிரியர் சரமாகோ. நன்கொடைக்கு ரசீது போட்டு, பெயர்ப்பலகையும் வைத்துக்கொண்டிருந்தால் 1974-இல் உதவியிருக்கும். அதற்கு ஒரு மேனேஜர் வேண்டும், அது வாஸ்தவம்.

எதிலிருந்து தொடங்குவது? ஊல்மானோடு 1962-இல் செய்த தொகுப்பு. அட்டையில் அமாலியாவின் மார்பளவுச் சிலை இருக்கும். அந்தப் பெனிஷ் பாட்டும் அதில்தான். முதல் தடவை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஸ்பீக்கரில் வைத்தால், வீட்டில் என்ன கஷ்டம் என்று பக்கத்து வீட்டிலிருந்து விசாரிக்க வந்துவிடுவார்கள்.