இல்லாத தங்கச்சிக்கு வாங்கிய ஃபவுண்டேஷன்

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. சட்டை, பேண்ட் என்று வெளியில் ஆணாகத்தான் நடமாடுகிறேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு மேக்கப் போட்டுக்கொண்டால்தான் எனக்கு நிம்மதி. சிக்கல் வாங்குவதில்தான். இரண்டு முறை கடை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை தங்கச்சிக்கு என்று பொய் சொல்லி ஒரு ஃபவுண்டேஷன் வாங்கினேன், போட்டால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறது. கூச்சமில்லாமல் வாங்க என்ன வழி?
பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: உங்களைத் தம்பி என்பதா தங்கை என்பதா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. முதலில் அந்தச் சுண்ணாம்பு விஷயம். கடைப் பெண் ‘தங்கச்சி என்ன கலர் சார்?’ என்று கேட்டிருப்பாள், நீங்களும் ‘கொஞ்சம் சிவப்பா இருப்பா’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பீர்கள். இல்லாத அந்தத் தங்கச்சிக்கு அவள் சரியான டியூபைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்!

அதனால் அடுத்த முறை ‘எனக்குத்தான்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வார்த்தை போதும். நாடகத்துக்கு, ஷூட்டிங்குக்கு என்று கதை கட்ட வேண்டாம், கதை என்றால் அடுத்த கேள்வி வரும்.

நான் இந்தப் பக்கத்தில் எழுத வருவதற்கு முன் ஆறு வருடம் ஒரு கடையின் காஸ்மெட்டிக்ஸ் கவுண்டரில் நின்றவள். மாதக் கடைசி டார்கெட், கால் வலி, லீவு கிடைக்குமா என்ற கவலை, இதுதான் எங்கள் மண்டையில் ஓடும். (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021-ல்தான். எங்களுக்கெல்லாம் சரக்கு வந்த அட்டைப்பெட்டிதான் நாற்காலி.) கூத்தில் பெண் வேடம் கட்டுகிறவர் வருவார், நடன ஆசிரியர் வருவார், நாளைக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கு மூக்கில் பரு வந்த மாப்பிள்ளை வருவார், மனைவியின் காலி டியூபைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கணவர்கள் வருவார்கள். இவர்கள் யாரும் மறுநாள் எங்கள் ஞாபகத்தில் இருந்ததில்லை. திருட்டு முழி முழித்துக்கொண்டு ஷெல்ஃபை நாலு சுற்றுச் சுற்றியவர்கள்தான் ஞாபகத்தில் நின்றார்கள், ஏனென்றால் அவர்கள் பின்னாலேயே செக்யூரிட்டி போவார்.

சிரிக்கவே மாட்டார்களா என்றால், சிரிப்பார்கள். முதல் வருடம் நானும் ஒருவரைப் பார்த்துப் பக்கத்துக் கவுண்டர் பெண்ணிடம் கண் ஜாடை காட்டியிருக்கிறேன், அவர் அதைப் பார்த்துவிட்டு எடுத்ததை வைத்துவிட்டுப் போய்விட்டார், இப்போதும் அதை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. அப்படி நடந்தால் நீங்களும் வைத்துவிட்டுப் போங்கள், ஊரில் ஒரே ஒரு கடையா இருக்கிறது? ஆனால் கேட்டது உங்களுக்குப் பிடிக்காத குரலில் வந்தது என்பதற்காக மட்டும் கிளம்பிவிடாதீர்கள், எட்டு மணி நேரம் நின்றவள் எல்லோரிடமும் அந்தக் குரலில்தான் பேசுவாள்.

சனிக்கிழமை சாயங்காலம் என்.எஸ்.பி. ரோட்டில் போய் நிற்காதீர்கள். ஆபீஸில் பாதிப் பேரை அங்கே பார்ப்பீர்கள். வாரநாளில் காலை பதினொரு மணிக்கு, தீபாவளிக் கூட்டமும் முகூர்த்தக் கூட்டமும் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். சின்ன பேன்சி ஸ்டோரில் எதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும், நாமே எடுத்துப் பார்க்கிற மாதிரி ஷெல்ஃபில் அடுக்கியிருக்கும் கடை உங்களுக்கு இப்போதைக்கு நல்லது. முதல் நாள் ஒரு ஐடெக்ஸ் மை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாலும் சரி, குழந்தைக்கும் பாட்டிக்கும் வாங்குகிற பொருள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம், ஷேடு. அன்றைக்குக் காலையில் ஷேவ் செய்துவிட்டுப் போங்கள். ஃபவுண்டேஷனை மணிக்கட்டில் தடவிப் பார்ப்பது வீண், காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று ஷேடைக் கோடு போட்டுக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெயில் வெளிச்சத்தில் போன் கேமராவில் பாருங்கள், கடை லைட்டில் எல்லாமே அழகாகத்தான் தெரியும். பத்து நிமிடம் பொறுங்கள், சில ஃபவுண்டேஷன் காய்ந்ததும் ஒரு படி கறுக்கும். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. ஷேவ் செய்த இடம் சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் இன்னும் வெளிர் ஷேடைத் தேடாதீர்கள், அது சாம்பலைக் கூட்டத்தான் செய்யும். அந்தச் சாம்பலை மறைக்க ஆரஞ்சு நிறக் கரெக்டர் என்று கேளுங்கள், அதைத் துளி எடுத்துத் தட்டிவிட்டு மேலே ஃபவுண்டேஷன். லிப்ஸ்டிக் டெஸ்டரை உதட்டில் வைக்கவே வைக்காதீர்கள், ஊர் எச்சில் அது. விரல் நுனியில் தடவிப் பார்த்தால் போதும்.

ஷேடு நம்பரை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த முறை ஆன்லைனிலேயே வாங்கிக்கொள்ளலாம். முக்கியமாக, பில் போடும்போது ‘போன் நம்பர் சொல்லுங்க சார்’ என்பார்கள், பழக்கத்தில் அப்பா நம்பரைச் சொல்லிவிடாதீர்கள், வாங்கிய விவரம் எஸ்எம்எஸ்ஸாக நேரே அவருக்குப் போய்விடும். ‘நம்பர் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். அந்தச் சுண்ணாம்பு டியூபைத் தூக்கிப் போடாதீர்கள், கொஞ்சம் அடர்ந்த ஷேடு ஒன்று வாங்கிக் கலந்து பாருங்கள், தீர்ந்துபோகும்.