புரொப்பெல்லர் காலத்து விமானிகள் ஏன் எப்போதும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறார்கள்?

அந்த இன்ஜின்கள் அவர்களை நிம்மதியாக உட்கார விட்டதே இல்லை, அதனால்தான். போயிங் ஸ்ட்ராட்டோக்ரூஸரில் இன்ஜினுக்கு 28 சிலிண்டர். நாலு இன்ஜினுக்கு 112. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பார்க் பிளக். இதில் எங்காவது ஒன்று மக்கர் செய்யாமல் இருந்தால்தான் அதிசயம்.

ஸ்டார்ட் செய்வதே ஒரு சடங்கு. நின்றிருந்த நேரத்தில் எண்ணெய் கீழ்ப்பக்க சிலிண்டர்களுக்குள் இறங்கிவிடும். அப்படியே முடுக்கினால் பிஸ்டனை இணைக்கும் தண்டு வளைந்துவிடும். அதனால் முதலில் புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றி, அதன் இறக்கைகள் கடந்துபோவதை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு, அப்புறம்தான் இக்னிஷன். குபீரென்று புகை, ஒரு தும்மல், பிறகு உறுமல்.

இரவில் புகைபோக்கியில் தெரியும் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே எரிபொருள் கலவை சரியா என்று ஃபிளைட் இன்ஜினியர் கணிப்பார்.

ஓர் இன்ஜினை நிறுத்திவிட்டு வந்து இறங்குவது சகஜம். லாக்ஹீட் கான்ஸ்டலேஷனை ‘உலகின் சிறந்த மூன்று இன்ஜின் விமானம்’ என்றே கிண்டலடித்தார்கள், அதற்கு இருந்தது நாலு! 1956 அக்டோபரில் பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோக்ரூஸர் ஒன்று இரண்டு இன்ஜின்களை இழந்து பசிபிக் கடலில் இறங்கியது. 31 பேரும் பிழைத்தார்கள்.

ஜெட் வந்ததும் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. கதைகளும் குறைந்துவிட்டன.