காப்பர்-நிக்கல் குழாயில் ரூட் முழுக்க ஊசித்துளை: எங்கே தப்பு?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "கப்பல் பழுதுபார்ப்புப் பட்டறையில் டிக் (டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் வைத்துப் போடும் முறை) வெல்டராக இருக்கிறேன். கார்பன் ஸ்டீலும் ஸ்டெயின்லெஸும் நன்றாகப் பழகிய கை. இப்போது கடல்நீர் லைனுக்கு 90/10 காப்பர்-நிக்கல் குழாய் வந்திருக்கிறது. 4 அங்குலம், சுவர் 3 மி.மீ. எக்ஸ்ரே எடுத்தால் ரூட் (ஜாயிண்டின் அடியில் போடும் முதல் வெல்ட்) முழுக்க ஊசித்துளை. கார்பன் ஸ்டீல் ஃபிளாஞ்சோடு (போல்ட் போட்டு இணைக்கும் வளையம்) சேர்த்த இரண்டு ஜாயிண்டில் நடுக்கோட்டிலேயே விரிசல். செம்புதானே, நன்றாகச் சூடாக்கிவிட்டு அடி என்கிறார் ஃபோர்மேன். சூடாக்கினால் இன்னும் மோசமாகிறது. என்ன செய்ய?"

சூடாக்குவதை முதலில் நிறுத்துங்கள். ஃபோர்மேன் சொல்வது சுத்தமான செம்புக்குச் சரி. செம்பு வெப்பத்தை அடித்த வேகத்தில் இழுத்துக்கொண்டு போய்விடும், அதனால் அதற்கு முன்சூடு வேண்டும். ஆனால் அதில் 10 சதவீதம் நிக்கல் கலந்ததுமே அந்தக் குணம் போய்விடுகிறது. 90/10 வெப்பத்தைக் கடத்துவது செம்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான், கிட்டத்தட்ட சாதாரண ஸ்டீல் அளவு. 70/30 அதைவிடவும் குறைவு. தவிர, ஸ்டீல் மாதிரி ஆறும்போது உள்கட்டமைப்பு மாறிக் கடினமாகிற உலோகமும் இல்லை இது. முன்சூடும் வேண்டாம், வெல்டிங் முடிந்தபின் சூடேற்றி ஆற்றவும் வேண்டாம். குழாயில் ஈரமோ பனியோ படிந்திருந்தால் அதைப் போக்கும் அளவுக்கு லேசாகச் சூடு காட்டலாம், அவ்வளவுதான். அடுத்த பாஸ் (ஒரு சுற்று வெல்ட்) போடும் முன் ஜாயிண்ட் 150 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்திருக்க வேண்டும். சூடாக்கினால் மோசமாகிறது என்று நீங்களே கவனித்திருக்கிறீர்கள். சூடு ஏற ஏற, உருகின உலோகம் காற்றிலிருந்து வாயுவை இழுப்பதும் கூடும், விரிசல் விடும் வாய்ப்பும் கூடும்.

இப்போது ஊசித்துளை. உங்கள் கடிதத்தில் ஃபில்லர் கம்பி (ஜாயிண்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, என் சந்தேகமும் அங்கேதான். மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாயில் இரண்டு முனையையும் ஒட்டவைத்து, கம்பி இல்லாமலே உருக்கி ரூட்டை மூடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. குழாய்களை நிலையில் பிடித்துவைக்க முதலில் போடும் சிறு வெல்டான டேக்கையும் அப்படியே கம்பி இல்லாமல் போடுவார்கள். ஸ்டெயின்லெஸ் அதைப் பொறுத்துக்கொள்ளும், காப்பர்-நிக்கல் பொறுக்காது. உருகிய காப்பர்-நிக்கல் ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் மூன்றையும் உறிஞ்சும். உறையும்போது அவை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே குமிழியாகத் தங்கிவிடும். எக்ஸ்ரேயில் மிளகு தூவினாற்போலத் தெரிவது அதுதான்.

இதற்கு மருந்து ஃபில்லர் கம்பிக்குள் இருக்கிறது. ஈ.ஆர்.சி.யு.என்.ஐ. என்ற 70/30 கம்பியில் 0.2 முதல் 0.5 சதவீதம் வரை டைட்டானியம் சேர்த்திருப்பார்கள். உருகின உலோகத்தில் சேரும் வாயுக்களை அது பிடித்துக்கொள்ளும். குழாயில் டைட்டானியம் கிடையாது. கம்பி சேர்க்காமல் உருக்கினால் அந்த இடத்தில் காவலே இல்லை என்று அர்த்தம். எனவே டேக்கில் தொடங்கி ரூட்டின் கடைசி மில்லிமீட்டர் வரை கம்பி உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் தாராளமாக. சில இடத்தில் மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்தால், தொடாத இடத்தில் துளை விழும்.

90/10 குழாய்க்கு எதற்கு 70/30 கம்பி என்று கேட்பீர்கள். இரண்டு ரகத்துக்கும் வழக்கமாக இதே கம்பிதான். நிக்கல் கூடுதலாக இருப்பதால் வெல்டின் வலிமை குழாய்க்குக் குறையாது. கடல்நீரிலும் குழாயைவிட வெல்ட் சற்று உயர்நிலை உலோகமாக நிற்பதால், அரிப்பு வெல்டைத் தனியாகப் பிடித்துத் தின்னாது.

கம்பி தாராளமாகப் போக இடம் வேண்டும் அல்லவா? ஸ்டீலுக்கு 60 டிகிரி பெவல் (இரு முனைச் சரிவுக்கும் நடுவிலான வாய்) வெட்டிய கை இங்கே 70 முதல் 80 டிகிரி வரை திறக்க வேண்டும். காரணம், இந்த உலோகம் உருகினாலும் ஸ்டீல் மாதிரி தானாக ஓடிப் பரவாது. கூழ்போல மந்தமாக நிற்கும். எங்கே வைக்கிறீர்களோ அங்கேயே இருக்கும். அதைப் பார்த்ததும் ஆம்பியரை ஏற்றத்தான் கை போகும். ஏற்றாதீர்கள். வாயைத் திறந்து வெட்டி, கம்பியை இரு பக்கச் சுவரிலும் வைத்துக் கொடுப்பதுதான் வழி. 3 மி.மீ. சுவருக்குப் பெவலே இல்லாமல் நேர்முனையில் போடலாம் என்று சில குறிப்புகள் சொல்லும். தட்டையான தகட்டில் அது சரி. குழாயில், அதுவும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கை போகிற ஜாயிண்டில், பெவலும் கம்பி விட்டத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியும்தான் என் தேர்வு. இடைவெளி இருந்தால் கம்பி போடாமல் ரூட்டை மூடவே முடியாது, அது ஒரு நல்ல கட்டாயம்.

ஆர்க், அதாவது டங்ஸ்டன் முனையிலிருந்து பாயும் மின்பொறி, குட்டையாக இருக்கட்டும். டங்ஸ்டனை உயர்த்திப் பிடித்தால் ஓரத்தில் காற்று புகும், கம்பியிலுள்ள டைட்டானியமும் வீணாக எரியும். டிசி, டார்ச் நெகட்டிவ், ஆர்கான் எல்லாம் ஸ்டெயின்லெஸுக்கு வைப்பதுபோலவேதான். ஆர்க்கை ஜாயிண்டுக்குள்ளேயே தொடங்குங்கள். குழாயின் மேல் எங்கேயாவது தட்டித் தொடங்கினால் அந்தப் பொட்டு உருகி உறைந்திருக்கும், அதில் கம்பியும் கிடையாது. பின்னாளில் விரிசலோ அரிப்போ அங்கே ஆரம்பிக்கலாம்.

உள்பக்க பர்ஜ், அதாவது குழாய்க்குள் ஆர்கான் விட்டுக் காற்றை வெளியேற்றுவது, போடுகிறீர்களா? போடுகிறோம் என்று பலரும் சொல்வார்கள், பார்த்தால் ஹோஸைச் செருகி அரை நிமிடம் விட்டிருப்பார்கள். கணக்குப் பார்க்கலாம். 100 மி.மீ. உள்விட்டக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்தை அடைத்தால் ஏறத்தாழ 8 லிட்டர் இடம். காற்றை ஒழுங்காக வெளியேற்ற அதன் ஐந்து மடங்காவது ஆர்கான் போக வேண்டும், அதாவது 40 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் நான்கு நிமிடம். இதையே 6 மீட்டர் குழாயை முழுதாக நிரப்புவது என்று வைத்தால் அரைமணி நேரத்தை நெருங்கும். ஜாயிண்டின் இரு பக்கமும் அருகிலேயே அடைப்பு வைத்தால் நேரமும் மிச்சம், வாயுவும் மிச்சம். ஆர்கான் காற்றைவிடக் கனம் என்பதால் கீழ்ப்பக்கம் விட்டு மேல்பக்கம் வெளியேற்றுங்கள். ஜாயிண்ட் இடைவெளியைச் சுற்றி டேப் ஒட்டி, வெல்ட் நகர நகர உரித்துக்கொண்டே போங்கள். ரூட்டை மூடும் கடைசி இடத்தில் பர்ஜைக் குறைக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் உள்ளே சேர்ந்த அழுத்தம் அங்கேயே ஊதித் துளை போட்டுவிடும். இரண்டாவது பாஸ் முடியும் வரை பர்ஜ் ஓடட்டும். குழாய்க்குள் தலையை விட்டுப் பார்க்கும் வழக்கம் யாருக்காவது இருந்தால் இங்கே வேண்டாம். ஆர்கான் நிறைந்த இடத்தில் மூச்சுத் திணறுவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். செம்பு, நிக்கல் புகை இரண்டும் நுரையீரலுக்கு ஆகாது, புகையுறிஞ்சி கட்டாயம்.

விரிசலுக்கு வருவோம். இதில் இரண்டு காரணம் கலந்திருக்கலாம். ஒன்று அழுக்கு. கந்தகம், பாஸ்பரஸ், ஈயம், பிஸ்மத் நான்கும் இந்த உலோகத்துக்கு விஷம். வெல்ட் உறையும் கடைசி நொடியில் நடுவில் மெல்லிய திரவப் படலமாக நின்று, சுருங்கும் இழுப்பில் பிளந்துவிடும். இவை எங்கிருந்து வருகின்றன? கிரீஸ், வெட்டும் எண்ணெய், பெயிண்ட், குழாயில் எழுதிய மார்க்கர், வெப்பம் பார்க்கும் சாக்பீஸ். ஆம், 150 டிகிரி வந்துவிட்டதா என்று பார்க்க ஜாயிண்டின் மேலேயே கிரேயான் தேய்ப்பதுகூட ஆபத்துதான். தொட்டுப் பார்க்கும் தெர்மாமீட்டரே நல்லது. வெட்டும் முன்னும் பின்னும் அசிட்டோனால் துடைத்து, அது காய்ந்து ஆவி போன பிறகு தீப்பொறி. ஜாயிண்டின் உள்ளும் வெளியும் 25 மி.மீ. அகலத்துக்கு ஆக்சைடு போகத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். வயர் பிரஷ் ஸ்டெயின்லெஸ் கம்பியாக இருக்க வேண்டும், அதுவும் காப்பர்-நிக்கலுக்கென்றே தனியாக வைத்தது. கார்பன் ஸ்டீலில் ஓட்டிய கிரைண்டிங் டிஸ்க்கை இங்கே கொண்டுவராதீர்கள். குளோரின் கலந்த கிளீனர்களைக் கிட்டவே சேர்க்காதீர்கள். ஆர்க் பட்டால் அவற்றின் ஆவி விஷவாயுவாக மாறும்.

குழாய் வாங்கும்போதே சான்றிதழைப் பார்ப்பது நல்லது. வெல்டிங்குக்கு என்று கேட்டு வாங்கினால் ஈயம், கந்தகம், பாஸ்பரஸ் ஒவ்வொன்றும் 0.02 சதவீதத்துக்கு மேல் போகாது, துத்தநாகம் 0.5க்குள் இருக்கும். அதைக் கேட்காமல் வாங்கிய குழாயில் நீங்கள் எவ்வளவு தேய்த்தாலும் பிரச்சினை உள்ளேயிருந்து வரும்.

இரண்டாவது காரணம், உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் இதுவே, இரும்பு. ஸ்டீல் ஃபிளாஞ்சில் காப்பர்-நிக்கல் கம்பியைப் போட்டால் ஸ்டீலிலிருந்து இரும்பு கரைந்து வெல்டில் கலக்கும். காப்பர்-நிக்கல் வெல்ட் கொஞ்சம் இரும்பைத்தான் தாங்கும், அதற்குமேல் சூட்டிலேயே வெடித்துவிடும். கார்பன் ஸ்டீலோடு சேர்ப்பதற்கு மோனல் வகைக் கம்பி, அதாவது ஈ.ஆர்.என்.ஐ.சி.யு.7. சுமார் 65 சதவீதம் நிக்கல் இருக்கும் அது இரும்பை நன்றாகத் தாங்கும். ஆர்க்கை ஸ்டீல் பக்கம் நிறுத்திவைத்து உருக்காதீர்கள். இயன்றவரை குறைவாகவே ஸ்டீல் உருகட்டும்.

ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: அந்த ஸ்டீல் ஃபிளாஞ்சை வெல்ட் பண்ணவே வேண்டுமா? கடல்நீர் அதன் உள்முகத்தைத் தொடுகிறது என்றால், பக்கத்தில் காப்பர்-நிக்கல் இருப்பதால் ஸ்டீல்தான் முதல் பலி. அழகாக வெல்ட் போட்டாலும் ஃபிளாஞ்சைக் கடல்நீர் அரித்துவிடும். இதற்காகவே குழாய் முனையில் காப்பர்-நிக்கல் காலர் ஒன்றை வெல்ட் பண்ணி, அதன் பின்னால் ஸ்டீல் ஃபிளாஞ்சைச் சும்மா தளர்வாக மாட்டும் முறை இருக்கிறது. தண்ணீர் காலரையும் கேஸ்கெட்டையும் மட்டும் தொடும், ஸ்டீல் நனையாது, வேறு உலோக வெல்டும் இல்லை. வரைபடத்தில் நேரடி வெல்ட் என்று இருந்தால், போடுவதற்கு முன் டிசைன் செய்தவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எனக்கென்னவோ இங்கே பாதிப் பிரச்சினை வெல்டருடையதே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

அப்புறம் டேக். காப்பர்-நிக்கல் சூட்டில் ஸ்டீலைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விரியும். ஸ்டீலுக்கு விடும் இடைவெளியில் டேக் போட்டால் குழாய் இழுத்துக்கொண்டு வாய் கோணும். இடைவெளியைப் பாதியாக்குங்கள். ரூட் டேக்கை நெருங்கும்போது டேக்கின் இரு முனையையும் சரிவாகக் கிரைண்ட் பண்ணி உள்ளே கரையவிடுங்கள். விரிசல் விட்ட டேக்கின் மேல் ஒருபோதும் ஓட்டாதீர்கள், முழுக்க எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். பெரிய அலைவு வேண்டாம், நேர்பட்டைகளாகவே போடலாம். நிறுத்தும்போது கரண்டைப் படிப்படியாகக் குறைத்து, கம்பி கொடுத்து கிரேட்டரை (வெல்ட் முடியும் இடத்தில் விழும் குழி) நிரப்பிவிட்டு எடுங்கள். பள்ளமாக விட்ட கிரேட்டரில் நட்சத்திர விரிசல் வரும்.

ரூட் உள்ளே எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதில் கடல்நீர் லைனுக்கு மற்ற லைனைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். இந்த அளவுள்ள 90/10 குழாயில் நீர் வேகம் விநாடிக்குச் சுமார் 3.5 மீட்டருக்கு மேல் போகாமல் பார்ப்பார்கள், அதற்குமேல் உள்சுவரில் படிந்த பாதுகாப்புப் படலம் உரிந்துவிடும். ரூட் முண்டு முண்டாக உள்ளே தள்ளினால் சராசரி வேகம் சரியாக இருந்தாலும், முண்டுக்குப் பின்னால் நீர் சுழன்று அங்கே மட்டும் வேகம் ஏறும். சில மாதத்தில் வெல்டுக்கு அடுத்த இடத்தில் குதிரைக் குளம்பு வடிவத்தில் குழி விழும்.

இப்போது இருக்கும் ஜாயிண்டுகள். ஊசித்துளை விழுந்த ரூட்டை மேலே இன்னொரு பாஸ் போட்டு மூடலாம் என்று நினைக்காதீர்கள். கீழே இருக்கும் வாயு மேலேயும் வரும். 3 மி.மீ. சுவரில் தோண்டித் திருத்துவதைவிட வெட்டிவிட்டுப் புதுசாகத் தொடங்குவதே வேகம். ஃபிளாஞ்ச் ஜாயிண்டுகளில் பழைய வெல்ட் உலோகம் முழுக்கப் போக வேண்டும். விரிசல் போய்விட்டதா என்பதை டை பெனட்ரண்ட் (விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டும் சாயம்) போட்டுப் பாருங்கள். இது காந்தத்துக்கு மசிகிற உலோகம் இல்லை, காந்தப்பொடிச் சோதனை உதவாது. அந்த டையையும் டெவலப்பரையும் கழுவித் துடைத்த பிறகே மறுபடி ஆர்க். முதலில் அதே குழாயின் கழிவுத் துண்டில் ஒரு ஜாயிண்ட் போட்டு, அறுத்து உள்ளே பார்த்துவிடுங்கள். பழைய ஜாயிண்டுகளைப் புதிதாகப் போட்ட பிறகு பிரஷர் டெஸ்டுக்குச் சுத்தமான நன்னீர் எடுத்து, முடிந்ததும் உடனே வடித்து உலர்த்திவிடுங்கள். துறைமுகத்து அழுக்கு நீரை ஊற்றி வாரக்கணக்கில் தேங்கவிட்டால், படலம் உருவாகும் முன்பே சல்பைடு அரிக்கத் தொடங்கி, குழாய் ஓடாமலே கெட்டுப்போகும்.