வவுனியாவிலிருந்து வந்த செய்தி: அவர் என் அண்ணன்தானா?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். அவர் 1984-ல் கைக்குழந்தையாகச் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். அம்மா காலமாகி ஒரு வருடம் ஆன பிறகு சித்தி உண்மையைச் சொல்லியிருக்கிறார். 1983 ஜூலைக் கலவரத்தின்போது, பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில், அடுத்த லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) குடும்பம் வடக்கே வன்னிக்கு ஓட முடிவெடுத்தது. பிறந்து சில வாரமே ஆன பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியில் போக முடியாது. இந்தியா போவதற்குக் காகிதம் தயாராக இருந்த, இவரை வளர்த்த பெற்றோர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். வளர்த்தவர்களுடைய குடும்ப அட்டையில் இரண்டு வயது மகளின் பெயர் இருந்தது; அந்தக் குழந்தை அதற்குச் சில மாதம் முன்புதான் காய்ச்சலில் இறந்திருந்தது. அந்தப் பெயரிலேயே இவர் வந்தார், இன்றுவரை அதே பெயர்தான். இப்போது வவுனியாவிலிருந்து ஒருவர் பேஸ்புக்கில் “நான் உன் அண்ணன்” என்று எழுதியிருக்கிறார்.

“டிஎன்ஏ பரிசோதனை எடுக்கலாமா? எண்பது வயது அப்பாவிடம் சொல்லலாமா? பெற்றவர்களைத் தேடிப் போனால் அப்பாவின் வீட்டில் எனக்கு உரிமை இல்லாமல் போய்விடுமா?” என்று கேட்கிறார்.

சகோதரி, பரிசோதனை பிறகு. முதலில் அப்பா.

உங்கள் கதைக்கு உயிரோடு இருக்கும் நேரடி சாட்சி அவர்தான். சித்திக்குத் தெரிந்தது கேள்விப்பட்டது. அப்பாவுக்குத் தெரிந்தது கண்ணால் பார்த்தது. அவருக்குத் தெரியாமல் தேடலாம் என்று நினைக்காதீர்கள். தோட்டத்து ஆட்கள் சேரும் பேஸ்புக் குழுவில் வந்த செய்தி ஒரு வாரத்தில் லைன் வீடுகளுக்குள் வந்துவிடும். வேறு யார் வாயிலோ கேட்டால் அந்த மனிதர் உடைந்துபோவார். “நான் யார் பிள்ளை?” என்று ஆரம்பிக்காதீர்கள். “கப்பலுக்கு எப்போது புறப்பட்டீர்கள், யார் யார் வழியனுப்ப வந்தார்கள்?” என்று கேளுங்கள். தலைமன்னார், இராமேஸ்வரம், மண்டபம் முகாம் என்று அவரே சொல்லிக்கொண்டு வருவார். அந்தப் பேச்சிலேயே உங்கள் விஷயமும் வரும். சம்மதித்தால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். சம்மதிக்காவிட்டால் அன்றிரவே எழுதி வையுங்கள்.

அப்புறம் அந்தப் பழைய டிரங்குப் பெட்டி. அநேகமாக எல்லா சிலோன்காரர் வீட்டிலும் ஒன்று இருக்கும். கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டையும் பழைய பாஸ்போர்ட்டும் அதில் இருக்கும். அட்டையில் குடும்பத்தார் ஒவ்வொருவரின் பெயர், உறவு, வயது இருக்கும். உங்களுக்குத் தேவை உங்கள் பெயருள்ள வரி அல்ல, அது உங்கள் வரியே இல்லை. அந்தக் காகிதங்களில் எங்காவது இருக்கும் தோட்டத்தின் பெயர்தான் தேவை. தோட்டங்களுக்குக் கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, ஆட்கள் கூப்பிட்ட தமிழ்ப் பெயர் வேறொன்று. வவுனியாக்காரர் சொல்லும் பெயரும் காகிதத்தில் இருப்பதும் ஒத்துப்போகவில்லையே என்று அவசரப்பட்டு அவரைப் பொய்யர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டும் ஒரே தோட்டமா, எந்தப் பிரிவு என்று அப்பாவிடம் கேளுங்கள்.

நம் மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அழைத்துக்கொள்ள இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய டான்டீ. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று பரவியிருக்கும் அந்த லைன்களில், இலங்கையில் ஒரே தோட்டத்தில் இருந்தவர்கள் இன்றும் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) ஆயாவாக இருந்தவர், பிரசவம் பார்த்த மருத்துவிச்சியின் மகள், செக்ரோல் (வேலையாட்கள் பதிவேடு) எழுதிய கணக்கப்பிள்ளை, இப்படி யாராவது ஒருவர் பந்தலூரில் இருக்கக்கூடும். என் அனுபவத்தில் ஆய்வகத்தைவிட இவர்கள்தான் அதிகம் முடிச்சுகளை அவிழ்த்திருக்கிறார்கள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது. பரிசோதனை அடுத்த வருடமும் கிடைக்கும், இவர்கள் கிடைக்கமாட்டார்கள். ஆகவே இந்த மாதமே போங்கள்.

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில், பெற்றோரிடமிருந்து பிரிந்த பல குழந்தைகள் உள்ளூர் இல்லங்களுக்கும் வெளிநாட்டுத் தத்துக்கும் போனார்கள். அவர்களைத் தேட 1994-ல் ஜான் கோர்ட்டினா என்ற இயேசு சபைப் பாதிரியாரும் குடும்பங்களும் சேர்ந்து புரோ-புஸ்கெதா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பின்னால் அவர்களுக்கு டிஎன்ஏ வங்கியும் வந்தது. ஆனாலும் முதலில் செய்த வேலை, ஊர் ஊராகப் போய்த் தாய்மார்களின் வாக்குமூலத்தை எழுதி, இல்லங்களின் பதிவேடுகளோடு ஒப்பிட்டதுதான். யாரோடு ஒப்பிடுவது என்று தெரியாவிட்டால் எச்சில் மாதிரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இனி அந்த மனிதர். அவர் நல்லவராக இருக்கலாம். அதற்காக நீங்களே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம். அவரிடம் பேசுவதற்கு முன் உங்களுக்கும் அப்பாவுக்கும் தெரிந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த லயம், எந்தக் காம்பரா, குழந்தையைக் கொடுத்தது பகலா இரவா, என்ன துணியில் சுற்றியிருந்தார்கள், உடம்பில் மச்சம், தழும்பு. தேதி போட்டு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அதேபோல அவரையும், முடிந்தால் அவருடைய அக்கா தங்கைகளையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். “என் தோளில் தழும்பு இருந்ததா?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டால், அந்தக் கேள்வி அதோடு வீணாகிவிடும். நல்ல மனதுள்ளவர்கள்கூட ஆசையில் “ஆமாம், இருந்தது” என்றுதான் சொல்வார்கள். நாற்பது வருட ஏக்கம் அப்படிச் சொல்ல வைக்கும்.

அவரிடம் கேட்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு. அவருடைய சொந்தப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. 1983-ல் அதே தாய் தகப்பனுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்ததாகப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தோட்டம் எந்தப் பிரதேச செயலகத்தில் அடங்குமோ அங்கே, பதிவு எண் தெரியாவிட்டாலும், காலத்தைச் சொல்லிப் பதிவேட்டில் தேடித் தரும்படி விண்ணப்பிக்கலாம். பிறப்புப் பதிவு இருந்து, இறப்புப் பதிவு இல்லையென்றால் அது பெரிய சான்று. அது உங்களுடைய உண்மையான பிறப்புப் பதிவாகவே இருக்கலாம். கலவர மாதத்தில் பிறந்த பிள்ளை பதியப்படாமல் போயிருக்கவும் கூடும். பதிவு கிடைக்கவில்லை என்பதை வைத்து மறுத்துவிட முடியாது.

இவை பொருந்தி வந்தால் பரிசோதனை. அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவரும் நீங்களும் கொடுப்பதே சிறந்தது. தாய்–மகள் உறவில் குழப்பத்துக்கே இடமில்லை. அவர் இல்லையென்றால் அண்ணனும் நீங்களும், ஒரே ஆய்வகத்தில். கூடப் பிறந்தவர்களுக்குள் பொதுவான டிஎன்ஏ சராசரியாக 2,600 சென்டிமார்கன் (பொதுவான டிஎன்ஏவை அளக்கும் அலகு) இருக்கும். தகப்பனோ தாயோ மட்டும் ஒன்று என்றால் ஏறக்குறைய 1,750. சொந்தச் சித்தப்பா பிள்ளை, மாமன் பிள்ளை என்றால் 870 அளவில்.

ஆனால் இந்த எண்களை நம் குடும்பங்களில் அப்படியே வைத்துப் பார்க்கக்கூடாது. மாமன் மகளையும் அக்கா மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டியவர்கள் நாம். தூரத்துச் சொந்தம்கூட அறிக்கையில் நெருங்கிய சொந்தமாகத் தெரியும். ஒரே கங்காணியோடு (தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போனவர்) ஒரே ஊரிலிருந்து போனவர்கள் ஒரே தோட்டத்தில் இருந்திருந்தால், பக்கத்து லயத்துக்காரரும் வளர்த்த அப்பாவும்கூட உங்களுக்கு ஏதோ ஒரு வகையில் உறவாக இருக்கலாம். அதனால் வெறும் சதவீதத்தை மட்டும் தரும் அறிக்கை வேண்டாம். உடன்பிறப்பா என்பதைத் தனியாகக் கணக்கிட்டு எழுதித் தரும் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் குடும்பங்களில் சொந்தத்தில் கட்டும் வழக்கம் உண்டென்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். முடிவு “உடன்பிறப்பு இல்லை” என்று வந்தால் இருவரும் என்ன செய்வது என்பதையும் மாதிரி கொடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

சொத்து விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது, ஆனால் காரணம் வேறு. பெற்றவர்களைத் தேடுவதாலோ சந்திப்பதாலோ எந்த உரிமையும் போகாது. இந்து தத்தெடுப்புச் சட்டம் 1956-ன்படி முறையான தத்தை யாராலும் ரத்து செய்யவே முடியாது. சிக்கல் என்னவென்றால், உங்களை முறைப்படி தத்து எடுத்ததற்குப் பத்திரம் இல்லை, காகிதத்தில் நீங்கள் இறந்துபோன இன்னொரு குழந்தை. நாளை பங்காளி யாராவது இதைக் கிளப்பினால் வழக்கு இழுக்கும். அப்பா திடமாக இருக்கும்போதே வீட்டை உங்களுக்கு எழுதி, பதிவு செய்த உயிலோ செட்டில்மென்ட்டோ (இப்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) செய்யச் சொல்லுங்கள். அதில் “மகள்” என்பதோடு நிறுத்தாமல், இன்ன முகவரியில் என்னோடு வாழ்ந்து என்னைப் பராமரிக்கும் இன்னார் என்று ஆளைத் தெளிவாகக் காட்டவேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் எதிலும் பெயரையோ பிறந்த தேதியையோ திருத்தப் போகாதீர்கள். எந்த அரசு அலுவலகத்திலும் இதைப் பற்றி எழுதிக் கொடுப்பதற்கு முன் குடியுரிமை விஷயம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

இவர் அண்ணன் இல்லையென்று தெரிந்தால் தேடல் அதோடு நிற்க வேண்டியதில்லை. செஞ்சிலுவைச் சங்கம் போரில் பிரிந்த குடும்பங்களைத் தேடித் தரும் வேலையைக் கட்டணமில்லாமல் செய்கிறது. கண்டுபிடித்தாலும் அவர்கள் சம்மதம் இல்லாமல் முகவரி தராது. வன்னிக்குப் போனவர்கள் 2009 வரை பல தடவை இடம் பெயர்ந்தவர்கள், தமிழ்நாட்டு முகாமுக்கே வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. இலங்கையில் காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் இருக்கிறது. கிளிநொச்சி, மன்னார் உட்பட அதற்குப் பிராந்திய அலுவலகங்கள் உண்டு.

இன்றைக்கு அந்த மனிதருக்கு இவ்வளவு எழுதினால் போதும்: “உங்கள் செய்தி கிடைத்தது. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். வளர்த்த அப்பா இருக்கிறார், அவரிடம் பேசிவிட்டுத்தான் மேலே பேசுவேன். அதுவரை குழுவில் என் பெயரையும் படத்தையும் போடவேண்டாம். உங்கள் அம்மா இருக்கிறார்களா, நன்றாக இருக்கிறார்களா என்று மட்டும் சொல்லுங்கள்.”