சிறையில் இருக்கும் திருநங்கை, திருநம்பிகளுக்கு வெளியிலிருந்து என்ன செய்யலாம்? – கேள்வி பதில்

பாலக்காடு – கோவை எல்லைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, விசாரணைக் கைதிகளின் சட்ட உதவியில் வேலை செய்யும் அக்கா பதில் சொல்கிறார்.

கொழிஞ்சாம்பாறை: அக்கா, எங்க திருநங்கை ஜமாத்துப் பொண்ணு ஒருத்தியை நேத்து ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. முதல்ல என்ன செய்யணும்?

ஸ்டேஷன் வாசலில் பத்துப் பேர் நிற்பதைவிட, ஒருவர் உள்ளே போய் மூன்று விவரம் வாங்கி வருவது முக்கியம்: குற்ற எண், போட்டிருக்கும் பிரிவுகள், எந்த மாஜிஸ்திரேட் முன்னால் எத்தனை மணிக்கு நிறுத்தப்போகிறார்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நிறுத்தியாக வேண்டும். கைதான செய்தியை யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கைதானவரே பெயர் கொடுக்கலாம். அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு. ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை, நண்பர் என்றே சட்டத்தில் இருக்கிறது. அதனால் ஜமாத்தில் தாய் போல இருக்கும் குருவின் பெயரைத் தயங்காமல் சொல்லச் சொல்லுங்கள். வக்கீல் இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி எண் 15100க்குக் கூப்பிடுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எதுவும் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

இனி, பலரும் கோட்டைவிடும் இடம்: ரிமாண்ட் வாரண்ட், அதாவது சிறையில் வைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் கொடுக்கும் உத்தரவு. ஜெயில் கேட்டில் முகத்தைப் பார்த்து வார்டு ஒதுக்குவதில்லை, வாரண்டைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள். அதில் ஆதாரில் உள்ள பழைய பெயரும் 'ஆண்' என்பதும் மட்டும் இருந்தால் நேராக ஆண்கள் பிளாக். முதல் ரிமாண்டிலேயே 'பழைய பெயர் @ புழங்கும் பெயர், திருநங்கை' என்று எழுதும்படி வக்கீல் கேட்க வேண்டும். அந்த @ போட்டு இரண்டு பெயரும் இருப்பது பின்னால் காப்பாற்றும். வாரண்டில் ஒரு பெயர், ஜாமீன் உத்தரவில் இன்னொரு பெயர் என்றால் விடுதலை நிற்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நின்றால் திங்கட்கிழமைதான் திருத்த முடியும்.

பெயர், மருந்து, பாதுகாப்பான இடம் மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது பதிவேட்டில் ஏறாது. உடம்பில் அடிபட்ட தடம் இருந்தால் அரசு மருத்துவர் அதைக் குறிக்க வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: வழக்கில் என்ன நடந்தது என்று வாட்ஸ்அப் குழுவில் யாரும் எழுத வேண்டாம்.

வாளையார்: ஜாமீன் கிடைச்சு ரெண்டு வாரமாச்சு. உள்ளூர் ஜாமீன்தாரர் ரெண்டு பேர், நிலவரி ரசீதோட வேணும்னு சொல்றாங்க. எங்க ஆளுங்க எல்லாம் மதுக்கரை, கோவைப் பக்கம். ஆளே கிடைக்கலை.

எல்லைப் பக்கத்தில் நம் ஆட்களை உள்ளே வைத்திருப்பது பெரும்பாலும் குற்றத்தின் கனம் அல்ல, இந்தக் காகிதம்தான். வெளி மாவட்டத்து, வெளி மாநிலத்து ஜாமீன்தாரரை அந்த ஒரே காரணத்துக்காக ஒதுக்கக் கூடாது என்று மோதி ராம் வழக்கில் 1978இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதியவர் நம் பாலக்காட்டுக்காரரான நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். அதே நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 உத்தரவிலும், உள்ளூர் ஜாமீன்தாரர் என்ற வற்புறுத்தல்தான் விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்று இருக்கிறது.

அதே 2023 உத்தரவு உங்களுக்கு வேறு மூன்று பிடிமானம் தருகிறது. ஜாமீன் உத்தரவின் நகலை நீதிமன்றம் அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளில் வெளியே வரவில்லையென்றால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன் கட்டப்படவில்லையென்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். உங்களுக்கு இரண்டு வாரம் தாண்டிவிட்டது. நாளைக்கே செயலாளர் அலுவலகத்துக்குப் போய், ஜாமீன் தேதியையும் வழக்கு எண்ணையும் எழுதிக் கொடுத்து, உங்கள் நகலில் சீல் வாங்குங்கள்.

கூடவே வக்கீல் ஒரு மனு போடட்டும். முதல் கோரிக்கை, தமிழ்நாட்டு ஜாமீன்தாரரை ஏற்க வேண்டும் என்பது. மதுக்கரைக்காரரின் தாசில்தார் சான்றைச் சரிபார்க்க அனுப்பினால் நாள் இழுக்கும். ஆகவே இரண்டாவது கோரிக்கையாக, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 490ஆம் பிரிவில் ஜாமீன்தாரருக்குப் பதில் பணம் கட்ட அனுமதி கேளுங்கள். தொகை அதிகமென்றால் 484ஆம் பிரிவில் குறைக்கச் சொல்லலாம். கோர்ட் வளாகத்தில் 'ஆள் தர்றேன்' என்று வரும் கூலி ஜாமீன்தாரர்களிடம் போகாதீர்கள். போலி ரசீது பிடிபட்டால் ஜாமீனும் போகும், புது வழக்கும் சேரும்.

கோபாலபுரம்: ஜாமீன் பணத்தை அரசாங்கமே கட்டும்னு சொல்றாங்களே?

ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம், 2023இல் வந்தது. தொடங்கியபோது விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 வரை. மாவட்ட அளவிலான குழு முடிவு செய்யும். போதைப்பொருள் வழக்குக்குக் கிடையாது. சட்டப் பணிகள் ஆணையம் வழியாகக் கேளுங்கள்.

முதலமடை: நிர்வாணம் (ஆணுறுப்பும் விதையும் நீக்கும் அறுவை) ஆன பொண்ணு. உள்ளே ஹார்மோன் மாத்திரை தரமாட்டேங்கறாங்க. சேலைக்குள்ள வெச்சுக் கொடுத்துடலாமா?

கூடவே கூடாது. பிடிபட்டால் அவர்மேல் சிறைக் குற்றம் ஏறும், உங்களுக்கும் மனு பார்ப்பது (சிறையில் போய் அவரைச் சந்திப்பது) நிற்கும்.

நிர்வாணம் ஆனவருக்கு உடம்பு சொந்தமாகப் போதிய ஹார்மோன் சுரக்காது. மாத்திரை நின்றால் உடம்பெல்லாம் திடீர்ச் சூடு, வியர்வை, தூக்கமின்மை, மனச்சோர்வு வரும். நீண்டால் எலும்பு தேயும். சிறை மருத்துவருக்கு இது அழகு சாதனம் போலத் தெரியக் கூடாது. சிகிச்சை தரும் மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம். எஸ்ட்ராடியால் வேலரேட் என்று மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எப்போதிலிருந்து, நின்றால் என்ன ஆகும், மருத்துவரின் பதிவு எண், சீல், தேதி எல்லாம் வேண்டும். ஒரு நகல் சிறை மருத்துவருக்கு, ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று வக்கீலிடம். பிறப்புறுப்பு அறுவை ஆகி டைலேட்டர் (புதிய பாதை சுருங்காமல் வைக்கும் கருவி) பயன்படுத்துபவர் என்றால் அதையும் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் கேட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள், சில வாரத்தில் பாதை சுருங்கிவிடும்.

ஏ.ஆர்.டி. எனும் எச்.ஐ.வி. மருந்து எடுப்பவராக இருந்தால் சிகிச்சைப் புத்தகத்தின் நகல் அன்றைக்கே சிறை மருத்துவர் கைக்குப் போக வேண்டும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்து வேலை செய்யாமல் போகும். ஜன்னலில் நின்று சத்தமாகச் சொல்லாதீர்கள். எச்.ஐ.வி. நிலையை ரகசியமாக வைப்பது 2017 சட்டப்படி அவர் உரிமை.

வேலந்தாவளம்: சேலை, பவுடர், பொட்டு அனுப்பலாமா?

போகும் முன் கேட்டில் விதியைக் கேளுங்கள். உள்ளாடை, பருத்தித் துணி பெரும்பாலும் போகும். கண்ணாடி, திரவம் எதுவும் போகாது.

கொல்லங்கோடு: ஆண்கள் ஜெயில்ல இருக்கற பொண்ணுக்குத் தனி செல் வேணும்னு நாங்களே மனு போட்டுடலாமா?

அவரைக் கேட்காமல் போடாதீர்கள். 2022 ஜனவரி 10 அன்று மத்திய உள்துறை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பிய அறிவுரை தனி வார்டு, தனிக் கழிப்பறை பற்றிச் சொல்கிறது. ஆனால் அது முழுத் தனிமையாக மாறக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. தனி செல்லில் பூட்டினால் வேலை, கூலி, நூலகம், பேச்சுத் துணை எல்லாம் போகும்.

பொள்ளாச்சி (குறுக்கிட்டு): மன்னிக்கணும் அக்கா, இது ஏட்டுச் சுரைக்காய். ஆண்கள் பிளாக்கில ஒரு ராத்திரி என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். முதல்ல உயிர், அப்புறம் நூலகம்.

உயிர்தான் முதலில், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் 23 மணி நேரம் பூட்டி வைத்தால் அங்கேயும் உயிர் போகும். தற்கொலை எண்ணம் இருப்பவருக்குத் தனி செல் மிக ஆபத்தான இடம்.

சித்தூர் (பாலக்காடு): ரெண்டு பேரும் திருநங்கைகளைப் பத்தியே பேசறீங்க. நான் திருநம்பி. எங்களைப் பெண்கள் பிளாக்கில போட்டு, பெண்ணாவே நடத்தறாங்க. ஆண்கள் பிளாக் எங்களுக்கு ஆபத்து. எங்க போறது?

நீங்கள் சொல்வது சரி, இதை யாரும் கேட்பதில்லை. அந்த அறிவுரையில் திருநம்பிகளுக்கும் திருநங்கைகளுக்கும் தனித்தனி ஏற்பாடு என்றே இருக்கிறது. திருநம்பி பெண்கள் சிறையிலேயே இருக்க விரும்பினால், அங்கே இருந்துகொண்டே ஆணாகப் பதிவு, புழங்கும் பெயர் இரண்டையும் கேட்கலாம். உடல் சோதனையை அவர் விரும்பும் பாலினத்தவரோ பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளரோ செய்ய வேண்டும். ஆடை களைய வேண்டியிருந்தால் மறைவான அறையில்தான்.

பொள்ளாச்சி: அறிவுரைதானே, சட்டமில்லையே. எந்த ஜெயிலர் கேப்பார்?

சிறை மாநிலத்தின் கையில் இருப்பதால் அது உத்தரவு ஆகாது. அதனால்தான் வெறும் கடிதமாகக் கொடுக்காமல், கோர்ட்டில் மனுவாகப் போட்டு அதை மேற்கோள் காட்டச் சொல்கிறேன். நீதிபதி கையெழுத்திட்டால் அது உத்தரவு. மனுவில் வாசகம் இப்படி இருக்கட்டும்: 'இரவில் பாதுகாப்பான தனி இடம்; பகலில் மற்றவர்களோடு வேலை, நூலகம், நடை; திருநங்கையர் இருவர் இருந்தால் இருவரும் சேர்ந்து; பதினைந்து நாளுக்கு ஒருமுறை மறு ஆய்வு.' இதில் உங்கள் பயத்துக்கும் இடம் இருக்கிறது. கீழே உள்ளே இருப்பவரின் கையெழுத்து வேண்டும். நாமும் அவருக்குப் பதில் முடிவெடுத்தால், இதுவரை எல்லாரும் செய்ததையே செய்தவர்கள் ஆவோம்.

கஞ்சிக்கோடு: கடிதம் தமிழ்ல எழுதலாமா?

எழுதலாம். படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், தமிழ் தெரிந்த ஆள் இல்லாத இடத்தில் தாமதமாகும். சின்னதாக, தெளிவாக எழுதுங்கள். வழக்கு விவரம் வேண்டாம். வீடியோ மனுவிலும் (வீடியோ வழிச் சந்திப்பிலும்) வேண்டாம்.

எலப்புள்ளி: கிரீம், ஷாம்பு அனுப்பலாமா?

மேலே வேலந்தாவளத்துக்குச் சொன்னதுதான்.

சித்தூர் (ஆந்திரா): இங்க மனு பார்க்க எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுவாங்க?

சிறை விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் கேளுங்கள். 15100 அங்கேயும் வேலை செய்யும்.

மீனாட்சிபுரம்: எட்டு மாசமா உள்ளே. பாதித் தண்டனைக் காலம் கழிஞ்சா விட்டுடுவாங்களா?

அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு. அதிகபட்சத் தண்டனையில் பாதி, இதற்கு முன் தண்டனையே பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆயுள், மரண தண்டனைக்குரிய வழக்குக்குப் பொருந்தாது. கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு எழுத வேண்டும். சிக்கல் எங்கே என்றால், ஒன்றுக்கு மேல் வழக்கு இருந்தால் இந்தச் சலுகை இல்லை. கடை கேட்க (கடைகளில் காசு கேட்க) போன இடத்தில் போட்ட சின்ன வழக்குகள் இங்கேதான் வந்து கழுத்தைப் பிடிக்கும். எத்தனை வழக்கு, எந்தக் கோர்ட் என்று முதலில் பட்டியல் எடுங்கள். 'ஒத்துக்கோ, அபராதத்தோட போயிடும்' என்று யார் சொன்னாலும் வக்கீலைக் கேட்காமல் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை: வெளியே வர்ற அன்னிக்கு என்ன கொண்டு போகணும்?

மாற்றுத் துணி, செருப்பு, சாப்பாடு, மாத்திரை, சார்ஜ் ஏற்றிய போன். உத்தரவு போய்ச் சேர்ந்து வெளியே விட இருட்டிவிடலாம், வண்டி பேசி வையுங்கள். உள்ளே எடுத்து வைத்த பொருள்களைப் பட்டியலோடு சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

அன்றைக்கே நிபந்தனையைப் படியுங்கள். திங்கட்கிழமைதோறும் கேரளத்து ஸ்டேஷனில் கையெழுத்து, மாநிலம் தாண்டக் கூடாது என்று இருந்தால், குரு வீடு கோவையில் இருப்பவர் எங்கே தூங்குவார்? எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், ஒரு வீட்டு விலாசமும் சம்மதமும் முன்கூட்டியே வேண்டும். அது கிடைக்காவிட்டால், கோவை விலாசத்தைக் காட்டி நிபந்தனையை மாற்றச் சொல்லி அடுத்த வேலை நாளே மனு. மனு முடியும் வரை வாளையாரைத் தாண்ட வேண்டாம்.